ஐம்பது கிலோமீட்டர் கழித்து

குளிர்காலத்தில் பனிக்கட்டியைப் பிடிக்க ஆணி வைத்த டயர் நல்லதா, ஆணி இல்லாத டயர் நல்லதா என்று எங்கள் ஹாலவாராவில் யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். இந்த ஒரு விஷயத்துக்காக அண்ணன் தம்பி இரண்டு வருஷம் பேசாமல் இருந்திருக்கிறார்கள். பாதிரியார் ஒருமுறை பிரசங்கத்தில் ஆணி டயருக்கு ஆதரவாக ஏதோ சொல்லிவைத்தார். அடுத்த ஞாயிறு கோவிலில் பாதி பெஞ்சு காலி. நீங்கள் காயானி நகரத்தில் இருப்பவர், இன்ஸ்பெக்டரம்மா. அங்கே ரோட்டில் உப்பைக் கொட்டிப் பனியைக் கரைத்துவிடுகிறார்கள். உங்களுக்கு இந்தச் சண்டை வேடிக்கையாகத்தான் இருக்கும்.

மூன்று நாளாக நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள். நானும் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று ஒழுங்காகச் சொல்கிறேன். உங்களுக்குப் புரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். பல் டாக்டர் மார்கெத்தா வைனியோ ஹாலவாராவிலிருந்து காயானிக்குப் போகக் கிளம்பியவர். அவருடைய கார் ஏன் ஹாலவாராவைப் பார்த்தபடி ஏரியில் கிடந்தது? நியாயமான கேள்வி. பதிலும் இருக்கிறது. ஆனால் டயரிலிருந்து தொடங்கினால்தான் அது விளங்கும்.

என் பெயர் ஐமோ மோய்லனன். வயது அறுபத்தொன்று. ஊர் எல்லையில் இருக்கும் டயர் கடை என்னுடையது. இந்தப் பக்கத்தில் எல்லோரிடமும் இரண்டு செட் சக்கரங்கள் உண்டு, கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று. வீட்டில் இடம் இல்லாதவர்கள் ஒரு செட்டை என் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். அக்டோபரில் வந்து மாற்றுவார்கள், ஏப்ரலில் வந்து மாற்றுவார்கள். அறுநூறு சக்கரம் இருக்கும். ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புக் கட்டியால் பெயர் எழுதி, முன் இடது, பின் வலது என்று குறித்து அடுக்கியிருப்பேன். ஊர் முழுக்க என் கொட்டகையில் இருக்கிறது என்று சொல்லலாம். ஊர்க்காரர்கள்தான் ஆடிக்கொருதரம் அமாவாசைக்கொருதரம் வருவார்கள். வந்தாலும் சாவியைக் கொடுத்துவிட்டுக் காருக்குப் பக்கத்திலேயே நின்று போனைப் பார்ப்பார்கள். இருபது நிமிஷம். அப்புறம் ஆறு மாதம் கிடையாது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் ஜனங்கள் சுபாவமே அப்படி. என் மனைவி ஹில்க்காவும் அதிகம் பேசமாட்டாள். இருபது வருஷத்துக்கு முன்னால், இரண்டு வாரப் பயிற்சி என்று சொல்லி ஓலு நகரத்துக்குக் கிளம்பினாள். நான்தான் அவள் காருக்குக் குளிர்கால டயர் மாட்டினேன். நட்டு ஒவ்வொன்றையும் அளவு தவறாமல் முடுக்கினேன். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள். அங்கேயே இருந்துவிட்டாள்.

சக்கரம் மாற்றினால் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டுகளை இன்னொரு தடவை முடுக்க வேண்டும். ரிம்மும் நட்டும் ஒன்றோடு ஒன்று படிந்து உட்காரக் கொஞ்சம் ஓட்டம் தேவை. அதை ஞாபகப்படுத்த ஒரு மஞ்சள் அட்டையைக் கண்ணாடியில் மாட்டி அனுப்புவோம். "50 கிலோமீட்டர் கழித்துத் திரும்ப வாருங்கள்" என்று அதில் இருக்கும். மற்ற கடைகளில் அச்சடித்து வைத்திருப்பார்கள். நான் கையால் எழுதுவேன், பெயர் போட்டு. முடுக்குவதற்குக் காசு வாங்க மாட்டேன். பிளாஸ்கில் காபி தயாராக இருக்கும், உட்கார இரண்டு நாற்காலி போட்டிருப்பேன்.

யாரும் வரமாட்டார்கள். நூறு பேருக்கு எழுதினால் மூன்று பேர் வருவார்கள். மிச்சப் பேர் அட்டையைக் கழற்றிக் கதவுப் பையில் சொருகிவிடுவார்கள். ஏப்ரலில் வண்டி வரும்போது என் கையெழுத்து அங்கேயே சுருண்டு கிடக்கும். எனக்கு வருத்தமாக இருந்தது, அதை மறைப்பானேன். ஒரு மனிதன் பெயர் எழுதி, வா என்று கூப்பிடுகிறான். ஐந்து நிமிஷ வேலை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் என் ஸ்பேனர் பழுதாகிவிட்டது. நாம் வைத்த அளவுக்கு நட்டு இறுகியதும் கிளிக் என்று சத்தம் போடும் ஸ்பேனர் அது. உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து, அளவு வருவதற்கு முன்பே கிளிக் என்றிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. அன்று காட்டிலாகா சர்வேயர் ஒருவருக்கு வேன் சக்கரம் மாற்றி அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் மனிதர் வெளிறிப்போய்த் திரும்பி வந்தார். "ஐமோ, ஸ்டீயரிங் கையில நிக்கல. உசுரே போயிருச்சு" என்றார். நான் பார்த்தேன், நட்டெல்லாம் தளர்ந்திருந்தது. முடுக்கிக் கொடுத்தேன். காபி ஊற்றிக் கொடுத்து உட்காரச் சொன்னேன். இரண்டு மணி நேரம் இருந்தார். அவர் பெண்ணுக்குக் கல்யாணம் முறிந்துபோனதிலிருந்து சகலமும் சொன்னார். போகும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லைன்னா நான் இல்ல" என்றார். ஹில்க்காகூட அப்படிப் பிடித்ததில்லை.

புது ஸ்பேனர் வாங்கினேன். அதில் ஒரு வசதி, எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே கிளிக்தான். நட்டு நன்றாக இறுகும் நூற்றிருபதில் வைத்தாலும் அதே சத்தம், தளர்வாக நிற்கும் நாற்பதில் வைத்தாலும் அதே சத்தம். பக்கத்தில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

எல்லோருக்கும் செய்யவில்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வண்டிகளைத் தொட்டதே இல்லை. தனியாக ஓட்டுகிறவர்கள், நிதானமாக ஓட்டுகிறவர்கள், பேசினால் நன்றாகப் பேசக்கூடியவர்கள், அப்படிப் பார்த்துத்தான். ஒரு சக்கரம் மட்டும். முப்பது நாற்பது கிலோமீட்டரில் சத்தம் கேட்கும், வண்டி ஆடும், மெதுவாகத் திரும்பி வருவார்கள். ஆறு வருஷத்தில் ஒருவருக்கு ஒரு கீறல் கிடையாது. எல்லோரும் நன்றிதான் சொன்னார்கள்.

இந்த அக்டோபரில் அப்படி அனுப்பினவர்களில் நான்கு பேர் இன்னும் திரும்பி வரவில்லை. இதோ, காபி டம்ளருக்குக் கீழே வைத்த தாளில் பெயரும் வண்டி நம்பரும் எழுதியிருக்கிறேன். யாரையாவது அனுப்பி முடுக்கச் சொல்லுங்கள். மூன்று நாளாக ஏன் சொல்லவில்லை என்றால், நீங்கள் கேட்கவில்லை. நான் பொறுப்பில்லாதவன் இல்லை.

நீங்கள் எழுந்து போய் உத்தரவு கொடுத்துவிட்டு வந்தது நல்லதுதான். உங்கள் காபி ஆறிவிட்டது. வேறு கொண்டுவரச் சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன்.

டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு வருஷ ஒப்பந்தத்தில் தெற்கேயிருந்து வந்தவர். ஐம்பதை நெருங்கும் வயது. விவாகரத்து முடிந்த கையோடு, தனக்குத் தானே பரிசு என்று ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தார். இரண்டு சீட்டு, எஞ்சின் பின்னால், தரையோடு ஒட்டிய வண்டி. பெட்ரோல் பங்க்கில் ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள். பனி விழுந்ததும் போர்வை போட்டு மூடிவிட்டு ஒரு பழைய வண்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஆளுக்கு ஆள் புத்தி சொன்னார்கள். அக்டோபர் மூன்றாம் தேதி காலையில் என் கடைக்கு வந்தார்.

"ஐமோங்கறது நீங்கதானே? ஊரே சேர்ந்து என் காரைத் தூங்க வைக்கப் பாக்குது. நான் ஓட்டத்தான் வாங்கினேன். என்ன டயர் போடலாம், சொல்லுங்க."

"ஆணி டயர் போடுங்க, டாக்டரம்மா."

"ஐயோ சாமி. நாள் பூரா காதுக்குள்ள பல்லு துளைக்கிற சத்தம். சாயந்தரம் ரோட்லயும் அதே சத்தமா? வேற ஏதாவது சொல்லுங்க."

நான் சிரித்துவிட்டேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சொல்லாமலே உட்கார்ந்தார், போனை எடுக்கவில்லை.

அன்று ஒரு மணி நேரம் பேசினோம். எஞ்சின் பின்னால் இருப்பதால் பின் சக்கரத்துக்குப் பாரம் உண்டு, ஏற்றத்தில் பிடிக்கும். முன்பக்கம் கனமில்லாதது, வளைவில் திருப்பினாலும் நேராகப் போகப் பார்க்கும். ஆகவே ஆணி இல்லாமல் போடுவதென்றால் ரப்பர் மிருதுவாக இருக்க வேண்டும், குளிரில் இறுகிப் போகாத ரகமாக வேண்டும், இந்த வருஷம் செய்ததாக இருக்க வேண்டும். இதையெல்லாம் சொன்னேன். என் கடைக்கு வந்து டயரைப் பற்றி அவ்வளவு கேள்வி கேட்டவர் வேறு யாரும் இல்லை. ஒரே பேச்சில் முடித்திருக்கலாம். "அளவு பாக்கணும், புத்தகம் பாத்துச் சொல்றேன், அடுத்த வாரம் வாங்க" என்றேன். அளவு எனக்கு மனப்பாடம்.

அடுத்த வாரம் ஏலக்காய் போட்ட பன் நான்கு கொண்டுவந்தார். அன்று அகலத்தைப் பற்றிப் பேசினோம். கோடைக்கு அந்தக் காருக்குப் போடுவது அகல டயர், பெரிய ரிம். குளிருக்கு ஒரு சுற்று சின்ன ரிம்மாகவும், டயரை ஒல்லியாகவும் போட வேண்டும் என்றேன்.

"ஒல்லியாப் போட்டா பாக்க நல்லாவா இருக்கும்?"

"பனியில யாரு பாக்கப் போறா? அகலமா இருந்தா பனி மேல மிதக்கும். ஒல்லியா இருந்தாத்தான் வெட்டிக்கிட்டுப் போய் ரோட்டைப் பிடிக்கும்."

"ஆக, நான் இளைக்கணும்னு சொல்றீங்க." ஒரு பன்னை எடுத்துக் கடித்துக்கொண்டே சொன்னார்.

"டயரைச் சொன்னேன், டாக்டரம்மா."

"தெரியுது, தெரியுது. முகத்தைப் பாருங்க, செவந்து போச்சு."

இந்த ஒரு பேச்சை நான் அதற்குப் பிறகு எத்தனை தடவை நினைத்துப் பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. கடைசியில் தேர்ந்தெடுத்த டயரைப் பற்றி நீங்கள் நிபுணரிடம் கேட்டிருப்பீர்கள். குறை சொல்லியிருக்க மாட்டார். அந்தக் காருக்கு, அந்த ரோட்டுக்கு, அதைவிட நல்ல டயர் இந்த நாட்டில் கிடையாது. கண்ணும் கருத்துமாகத் தேர்ந்தெடுத்தேன். எழுதும்போது டயரில் குற்றம் இல்லை என்று எழுதுங்கள்.

டயர்களும் ரிம்மும் பத்து நாளில் வந்துவிட்டன. கொட்டகையில் பின்வரிசையில் வைத்துத் தார்ப்பாயைப் போட்டேன். அவர் வந்து கேட்டபோது, இன்னும் வரவில்லை, தெற்கே லாரி வேலைநிறுத்தம் என்றேன். அவர் நம்பினார். உட்கார்ந்து காபி குடித்தார். பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை, வேலை முடிந்து போகும் வழியில் எட்டிப் பார்ப்பது வழக்கமாயிற்று.

"பொண்ணு பாக்கப் போனவங்ககூட இத்தனை நாள் இழுக்க மாட்டாங்க, ஐமோ. எப்பத்தான் முடிவு சொல்லப் போறீங்க?"

"நல்ல பொருளுக்குக் காத்திருக்கணும், டாக்டரம்மா."

அதற்குள் உறைபனி வந்துவிட்டது. காலையில் ரோட்டில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி. அவர் கோடை டயரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் சுகாதார நிலையத்துக்குப் பக்கத்து வளைவில் வண்டி சறுக்கி ஓடையில் இறங்கிவிட்டது. டிராக்டர் வைத்து இழுத்தார்கள். அன்று சாயந்தரம் நெற்றியில் பிளாஸ்திரியோடு வந்து, "ஓடையில தவளை கூட தூங்கப் போயிருச்சு, ஐமோ. நான் மட்டும்தான் இறங்கினேன்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் உட்கார்ந்த நாற்காலிக்கும் தார்ப்பாய்க்கும் நடுவில் பன்னிரண்டு அடி இருக்கும். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இனிமேல் டயரின் அருமை அவருக்கு நன்றாகத் தெரியும் என்றும் நினைத்தேன்.

நவம்பர் முதல் வாரம் புதன்கிழமை. உள்ளே வந்தவர் உட்காரவில்லை.

"ஐமோ, தெற்கே துர்க்குல எனக்கு வேலை கிடைச்சிருச்சு. நிரந்தர வேலை. வெள்ளிக்கிழமை கிளம்புறேன். டயர் வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

"ஒப்பந்தம் ஆகஸ்ட் வரைக்கும் இருக்கே" என்றேன்.

"விடுவிச்சிட்டாங்க. இங்க நாலு மணிக்கே இருட்டிடுது. எனக்குத் தாங்கல. உங்களுக்கு எப்படித்தான் தாங்குதோ."

எனக்குத் தாங்குகிறது என்று யார் சொன்னார்கள்? அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. "வெள்ளிக்கிழமை வாங்க, டயர் வந்துரும்" என்றேன். அந்தக் கோடை டயரோடு அவரை அறுநூற்றைம்பது கிலோமீட்டர் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அது பாதுகாப்பில்லை.

வெள்ளிக்கிழமை முதல் பனி விழுந்தது. கடையில் பதினேழு வண்டி வரிசையில் நின்றது. எல்லோரையும் ஒதுக்கிவிட்டு அவருடைய வண்டியை ஜாக்கியில் ஏற்றினேன். பின் சீட்டே இல்லாத காரில் பக்கத்து சீட்டு முழுக்கப் பெட்டிகளும் ஒரு செடித் தொட்டியும் இருந்தன. நான்கு சக்கரத்தையும் மாட்டினேன். காற்று சரிபார்த்தேன். மஞ்சள் அட்டையில் அவர் பெயரை எழுதினேன்.

"ஐம்பது கிலோமீட்டர் போயிட்டு ஒரு தடவை முடுக்கணும், டாக்டரம்மா."

"ஐம்பது போயிட்டுத் திரும்ப இங்கயா? நல்லா இருக்கே கதை. காயானியில என் தங்கச்சி வீட்டுக்காரர் இருக்காரு, அவர் முடுக்கிடுவாரு. ராத்திரி அங்கதான் தங்குறேன்."

அவர் அதைச் சொன்னபோது மூன்று சக்கரத்தை முடுக்கி முடித்திருந்தேன். அந்த மூன்றும் நூற்றறுபது, அந்தக் காருக்கு அதுதான் அளவு. நான்காவது பின் இடது. ஸ்பேனரின் பிடியை நாற்பதுக்குத் திருகினேன். ஐந்து நட்டு, ஐந்து கிளிக். அவர் பக்கத்தில் நின்று எண்ணினார், குழந்தை மாதிரி, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று.

என் கணக்கு என்ன என்று கேட்பீர்கள். நாற்பது கிலோமீட்டரில் சத்தம் கேட்கும். பயந்து திரும்பி வருவார். அதற்குள் பனி வலுத்துவிடும், இருட்டிவிடும், இனிமேல் எங்கே போவது என்று இங்கேயே தங்கிக் காலையில் கிளம்புவார். ஒரு சாயங்காலம். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. ஒரு வருஷம் கேட்கவில்லை. பேக்கரியில் ஏலக்காய் பன் ஆறு சொல்லிவைத்திருந்தேன். வரிசையில் நின்ற பதினேழு வண்டிக்காரர்களையும் நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பினேன். திட்டிக்கொண்டே போனார்கள். பிளாஸ்கை நிரப்பிவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அந்தப் போனுக்கு வருகிறேன். மூன்று மணி எட்டு நிமிஷத்துக்கு அவர் என்னை அழைத்ததை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். போய்வருகிறேன் என்று சொல்லத்தான் கூப்பிட்டார் என்று முதல் நாள் சொன்னேன். அது பொய்.

"ஐமோ, பின்னாடி இடது பக்கம் டொக்கு டொக்குனு ஒரு சத்தம். வண்டி வேற ஒரு மாதிரி ஆடுது. நிறுத்திட்டேன்."

"எங்க நிக்கிறீங்க?"

"ஏரிக்கரையில, கோடையில ஐஸ்க்ரீம் விப்பாங்களே, அந்தப் பூட்டின பெட்டிக்கடைக்கு முன்னாடி. வண்டியில ஸ்பேனரும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்ன பண்ணட்டும்?"

அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். என் கடையிலிருந்து நாற்பத்தேழு கிலோமீட்டர். அங்கிருந்து காயானிப் பக்கம் ஆறு கிலோமீட்டரில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது, மெக்கானிக் உண்டு, வண்டி எடுத்துக்கொண்டு வந்து பத்து நிமிஷத்தில் முடுக்கிவிடுவான். அவன் நம்பர் என் சுவரில் எழுதியிருக்கிறது. நானே வேனை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், கோட்டும் போட்டுத்தான் இருந்தேன். அதையும் யோசித்தேன். ஆனால் யார் போனாலும் அந்த இடத்திலேயே முடுக்கிவிட வேண்டியதுதான். முடுக்கினால் அவர் நன்றி சொல்லிவிட்டு அப்படியே காயானிக்குப் போய்விடுவார். நான் வேனைத் திருப்பிக்கொண்டு தனியாக வர வேண்டும்.

"அது ஒண்ணுமில்ல, டாக்டரம்மா" என்றேன். "புது ரிம் படியற சத்தம். வண்டியைத் திருப்பி மெதுவா இங்க ஓட்டிட்டு வாங்க. நான் பாத்துக்கிறேன்."

"ஓட்டலாமா? நிச்சயமா?"

"ஓட்டலாம்."

வைப்பர் ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம், "நீங்க சொன்னாச் சரி, ஐமோ. பன் ஏதாவது மிச்சம் வச்சிருக்கீங்களா?" என்றார்.

"ஆறு இருக்கு. காபியும் இருக்கு."

"அப்போ வர்றேன்."

பதினோரு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார். எதிரே வந்த மரலாரிக்காரர் உங்களிடம் சொன்னதைப் படித்துக் காட்டினீர்கள். முதலில் ஒரு சக்கரம் மட்டும் தனியாக ரோட்டில் உருண்டு வந்ததாம், அதற்குப் பின்னால் கார். ஏரி அப்போதுதான் உறையத் தொடங்கியிருந்தது, விரல் கனத்துக்கு. காரை மேலே எடுத்தபோது மஞ்சள் அட்டை கண்ணாடியிலேயே இருந்தது என்று சொன்னீர்கள். அவர் அதைக் கழற்றிக் கதவுப் பையில் சொருகவில்லை. நான் கவனித்தேன்.

ஐந்தரை வரைக்கும் காத்திருந்தேன். காபியை இரண்டு தடவை கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டேன். ஆம்புலன்ஸ் ஒன்று ஏரிப் பக்கமிருந்து வந்து கடையைத் தாண்டிப் போனது. சத்தம் போடாமல்தான் போனது. அப்போதும் நான், வேறு யாரையோ ஏற்றிப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

ஆக, நட்டைத் தளர்வாக விட்டது நான். அது எதற்காக என்று தெரிந்தே விட்டேன். நின்றுகொண்டிருந்தவரை ஓட்டச் சொன்னதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். அதற்குச் சட்டத்தில் என்ன பெயர் வைக்கிறீர்களோ வையுங்கள், அது உங்கள் வேலை.

ஒன்று மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். கார் ஏன் ஊரைப் பார்த்துக் கிடந்தது என்று மூன்று நாளாகக் கேட்டீர்கள் அல்லவா. திரும்பி வந்துகொண்டிருந்தார். இந்த இருபது வருஷத்தில், அவ்வளவு தூரம் போனவர்கள் யாரும் எனக்காகத் திரும்பினதில்லை, இன்ஸ்பெக்டரம்மா. அவர் ஒருவர்தான் திரும்பினார்.